கலிங்கு கற்றுத்தரும் கணக்கு: 53 மீட்டர் ஆழத்தில் ஆக்சிஜன்

பெரிய மருத்துவமனைகளின் அறுவை அரங்கில், மயக்க மருந்து இயந்திரத்தின் பக்கவாட்டில், உள்ளே இருப்பது வெளியே தெரியும் டப்பா ஒன்று மாட்டியிருக்கும். புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரியானாலும் சென்னையானாலும் வேலை ஒன்றுதான். டப்பா நிறைய வெள்ளைக் குருணை. அதன் பெயர் சோடா லைம். நோயாளி விடும் மூச்சு ஒரு குழாய் வழியாக அந்தக் குருணைக்குள் நுழைகிறது. கார்பன் டை ஆக்சைடைக் குருணை பிடித்துக்கொள்கிறது. மீதிக் காற்று வீணாகாமல் இன்னொரு குழாய் வழியே அதே நோயாளிக்குத் திரும்புகிறது. உடம்பு எடுத்துக்கொண்ட ஆக்சிஜனை மட்டும் மருத்துவர் புதிதாகச் சேர்த்துக்கொண்டே வருகிறார். மயங்கிக் கிடக்கும் ஒரு பெரியவருக்கு நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லிலிட்டர் போதும். ஒரு டம்ளர் அளவு.

இந்த ஏற்பாட்டை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கினால் அதற்கு ரீப்ரீதர் என்று பெயர். விட்ட மூச்சையே திரும்ப இழுக்கவைக்கும் கருவி. ஆழத்தில் மூழ்கிக் கிடக்கும் கப்பல்களைப் பார்க்கப் போகிறவர்கள் இன்று பெரும்பாலும் இதைத்தான் நம்புகிறார்கள். அவர்களில் சிலர் இந்தக் கருவிக்குள் ஆக்சிஜன் வந்துசேரும் வழியைத் தங்கள் ஆழத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்கிறார்கள். எதற்காக மாற்றுகிறார்கள், மாற்றினால் என்ன ஆகிறது என்பதைப் புரிந்துகொள்ளப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. கண்மாய்க் கரையில் நின்று கலிங்கு பாய்வதைப் பார்த்திருந்தால் போதும்.

முதலில் ஆழத்தைப் பார்த்துவிடுவோம். கட்டுமாவடி, மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மீமிசல் என்று நீளும் நம் புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரைக்கு முன்னால் இருப்பது பாக் விரிகுடா. ஆழமில்லாத கடல். படகை வெகுதூரம் ஓட்டிப் போனாலும் ஐந்து, ஆறு பாகத்திலேயே தரை தட்டும் இடங்கள் நிறைய. வெயில் அடிவரை இறங்குவதால் கடற்புல் வளர்கிறது. அந்தப் புல்லை மேய ஆவுளியா என்று நாம் அழைக்கும் கடற்பசு வருகிறது. அதனால்தான் 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ரீப்ரீதர் தேவைப்படும் ஆழமே இங்கே கிடையாது.

அந்த ஆழத்துக்கு இலங்கையின் கிழக்குக் கரைக்குப் போக வேண்டும். பாடும் மீன்களுக்குப் பேர்போன மட்டக்களப்புக்கு நேரே, கரையிலிருந்து சுமார் 9 கிலோமீட்டர் தொலைவில், 53 மீட்டர் அடியில், அதாவது ஏறக்குறைய 29 பாகத்தில், ஹெர்மிஸ் கிடக்கிறது. விமானந்தாங்கிக் கப்பலாகவே வரைந்து கட்டத் தொடங்கப்பட்ட உலகின் முதல் கப்பல் அது. 1919-ல் நீரில் இறக்கினார்கள். நீளம் 180 மீட்டருக்குச் சற்று மேல்.

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அடுத்த குறி திருகோணமலை என்று தெரிந்ததும் ஹெர்மிஸ் 8-ஆம் தேதி மாலை துறைமுகத்தை விட்டுத் தெற்கே விலகியது. அதன் விமானங்கள் கரையிலேயே நின்றுவிட்டன. 9-ஆம் தேதி காலை, தன்னைக் காத்துக்கொள்ள ஒரு விமானம்கூட இல்லாத நிலையில், மட்டக்களப்புக் கடலில் அது பிடிபட்டது. குண்டுமழையில் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. 307 பேர் இறந்தார்கள். துணைக்குப் போன ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் வாம்பயரும் மூழ்கியது. அந்தப் பக்கமாக வந்த வைட்டா என்ற மருத்துவக் கப்பல் ஏறக்குறைய 600 பேரைத் தண்ணீரிலிருந்து தூக்கியது. சென்னையிலிருந்து அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு ஓடியதும், உயிரியல் பூங்காவின் சிங்கம் புலிகள் தப்பிவிடுமோ என்று அஞ்சிச் சுட்டுக் கொன்றதும் அந்த ஏப்ரலில்தான். நம் தாத்தா பாட்டி ‘குண்டு போட்ட வருஷம்’ என்று சொன்ன வாரங்கள் இவை.

2009-ல் இலங்கையில் போர் முடிந்த பிறகு, உலகின் பல மூலைகளிலிருந்தும் முக்குளிப்பவர்கள் ஹெர்மிஸைத் தேடி வருகிறார்கள். கப்பல் இடப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. முந்நூறு பேரின் சமாதி என்பதால் உள்ளிருந்து ஒரு திருகாணியைக்கூட எடுக்கக் கூடாது என்பது அங்கே போகிறவர்களின் மரியாதை.

சாதாரண சிலிண்டரோடு அங்கே போனால் என்ன ஆகும்? கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் ஒரு பார் கூடும். மேலே நம்மைச் சுற்றி இருப்பது ஒரு பார். 53 மீட்டரில் 6.3 பார். நெஞ்சுக்குள் காற்றை இழுக்க வேண்டுமானால் அந்தக் காற்றும் 6.3 பாரில் இருந்தாக வேண்டும். மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு வாங்குகிறவர் கீழே அதே நிமிடத்தில் 126 லிட்டர் காற்றைச் செலவழிக்கிறார். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அடைத்தால் உள்ளே 2,400 லிட்டர் இருக்கும். 19 நிமிடத்தில் காலி. இறங்கும் நேரம், ஏறும் நேரம், ஆபத்துக்கான சேமிப்பு எல்லாம் கழித்தால் கப்பலைப் பார்க்க மிஞ்சுவது சில நிமிடம்.

ஆனால் உடம்பு உண்மையில் எரிப்பது எவ்வளவு? மெதுவாக நீந்துகிறவருக்கு நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஆக்சிஜன், முன்னே பின்னே. சும்மா தொங்கிக்கொண்டிருந்தால் அதற்கும் குறைவு. எதிர்நீரோட்டத்தில் திமிறினால் இரண்டரை, மூன்று. கரையில் நின்றாலும் 53 மீட்டரில் நின்றாலும் இந்தக் கணக்கு மாறாது. தசைக்கு வேண்டியது ஆக்சிஜன் மூலக்கூறுகளின் எண்ணிக்கை. வெளியே எத்தனை பார் அழுத்தம் என்பது தசைக்குத் தெரியாது. 126 லிட்டரைக் கொப்புளமாக விட்டு ஒரு லிட்டரைப் பயன்படுத்துவதற்குப் பதில், கார்பன் டை ஆக்சைடை மட்டும் வடிகட்டிவிட்டு அந்த ஒரு லிட்டரை மட்டும் நிரப்பிக்கொண்டால் 3 லிட்டர் கொள்ளும் குட்டிச் சிலிண்டர் பல மணி நேரத்துக்கு வரும். சோடா லைம்தான் அதற்கு முன்னால் தீர்ந்துபோகும்.

யோசனை பழையது. 1878-ல் ஹென்றி ஃப்ளூஸ் என்ற ஆங்கிலேயர் இப்படி ஒரு கருவிக்கு உரிமம் வாங்கினார். 1880-ல் செவர்ன் ஆற்றின் அடியில் தோண்டிக்கொண்டிருந்த ரயில் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தபோது, அலெக்சாண்டர் லாம்பர்ட் என்ற முக்குளிப்பவர் அந்தக் கருவியைச் சுமந்துகொண்டு, சுமார் 300 மீட்டர் கும்மிருட்டில் நடந்துபோய் இரும்புக் கதவை அடைத்தார். மேலிருந்து காற்றுக்குழாயை இழுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போயிருக்க முடியாது.

லாம்பர்ட் சுவாசித்தது சுத்த ஆக்சிஜன். ஆழம் கூடினால் அதுவே நஞ்சாகும். ஒரு வாயுவின் வலிமையை அளக்க, கலவையில் அதன் பங்கை மொத்த அழுத்தத்தால் பெருக்க வேண்டும். மேலே காற்றில் ஆக்சிஜன் 0.21 பார். இது 0.16-க்குக் கீழே போனால் நினைவு தப்பும் எல்லை நெருங்குகிறது. 1.6-க்கு மேலே போனால் வலிப்பு வரலாம். தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் வாயிலிருந்து ஊதுகுழல் நழுவிவிடும். அதன் பிறகு நடப்பதை எழுத வேண்டியதில்லை. ஆகவே வேலை செய்யும்போது 1.2 அல்லது 1.3-ல் நிற்பது வழக்கம். 1.4-ஐத் தாண்டுவதில்லை.

இந்த எல்லைகளுக்கு மனிதர்கள் தங்கள் உடம்பை விலையாகக் கொடுத்திருக்கிறார்கள். 1939-ல் தீட்டிஸ் என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கி லிவர்பூலுக்கு அருகே மூழ்கி 99 பேர் இறந்தார்கள். அதையொட்டி விஞ்ஞானி ஜே.பி.எஸ். ஹால்டேன் அழுத்த அறைக்குள் தன்னையே அடைத்துக்கொண்டு சோதனை செய்தார். ஆக்சிஜன் வலிப்பில் அவருடைய முதுகெலும்பே நசுங்கியது. பிற்காலத்தில் இந்தியாவுக்கு வந்து இந்தியக் குடிமகனாகி, 1964-ல் புவனேஸ்வரில் இறந்த அதே ஹால்டேன்தான். அவரை மரபியலுக்காக நினைவில் வைத்திருக்கிறோம். இன்று ஹெர்மிஸுக்கு இறங்கும் ஒவ்வொருவரும் அவர் பட்ட வலியின் மேல் நின்றுதான் கணக்குப் போடுகிறார்கள் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

எனவே ரீப்ரீதரில் இரண்டு சிலிண்டர். ஒன்றில் சுத்த ஆக்சிஜன். மற்றொன்றில் அதை நீர்க்கவைக்கும் கலவை. 53 மீட்டரில் வெறும் காற்றை வைத்தால் நைட்ரஜன் மட்டுமே 5 பார் வந்துவிடும். கள் குடித்தவன்போல் தலை சுற்றும். அதனால் நைட்ரஜனில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு ஹீலியம் சேர்ப்பார்கள். ஆழம் கூடி, விட்ட மூச்சு தங்கும் மூச்சுப்பை சுருங்கும்போது இந்தக் கலவை உள்ளே வந்து நிரப்பும். ஆக்சிஜன் குறையும்போது ஆக்சிஜன் சிலிண்டர் ஈடு செய்ய வேண்டும். அந்த ஈட்டை எப்படிக் கொடுப்பது என்பதுதான் நம் விஷயம்.

வீட்டுச் சமையல் கேஸ் ரெகுலேட்டரைக் கூர்ந்து பாருங்கள். மேலே ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை இருக்கும். உள்ளே ஒரு சவ்வும் வில்லும் இருக்கின்றன. அந்தத் துளை வழியாக வெளிக்காற்று சவ்வை அழுத்துகிறது. அதனால் வெளியழுத்தத்தைவிட எப்போதும் இத்தனை கூடுதல் என்ற கணக்கில் கேஸ் வெளிவருகிறது. முக்குளிக்கும் ரெகுலேட்டரும் அதே தத்துவம். அதன் வில் இருக்கும் அறை கடல்நீருக்குத் திறந்திருக்கும். ஆழம் கூடக்கூடக் கடலும் வில்லோடு சேர்ந்து அழுத்தும். குழாயில் எப்போதும் சுற்றுப்புற அழுத்தத்தைவிட 10 பார் போல மிகுதியாக இருக்கும். சாதாரண முக்குளிப்புக்கு இது பொருத்தம். ஆழத்துக்குத் தக்கபடி அடர்த்தியான காற்று வேண்டும், வருகிறது.

ரீப்ரீதரின் ஆக்சிஜனுக்கோ இது பொருந்தாது. அங்கே வேண்டியது ஆழத்தோடு மாறாத ஒரே அளவு. கனடாவைச் சேர்ந்த கோர்டன் ஸ்மித், தான் வடிவமைத்த கிஸ் என்ற கருவியில் இதற்கு எளிய தீர்வைக் கையாண்டார். ஆக்சிஜன் ரெகுலேட்டருக்குள் கடல்நீர் புகும் வழியை அடைத்துவிடுவது. அப்போது எந்த ஆழத்திலும் குழாயில் ஒரே அழுத்தம். கணக்குக்கு 11 பார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குழாயின் நுனியில் தலைமுடித் தடிமனுக்கு, சுமார் 0.1 மில்லிமீட்டரில், ஒரு துளை. அதன் வழியே நிமிடத்துக்கு 0.7 லிட்டர் ஆக்சிஜன் கசிந்துகொண்டே இருக்கும். மெதுவாக நீந்தும் உடம்பின் தேவையைவிடச் சற்றுக் குறைவு, வேண்டுமென்றே. மீதியை முக்குளிப்பவர் ஒரு பொத்தானை அழுத்திச் சேர்த்துக்கொள்வார்.

துளைக்கு அப்புறம் அழுத்தம் ஒன்றிலிருந்து ஆறு பாராக ஏறினாலும் கசிவு ஏன் மாறுவதில்லை? இங்கேதான் கலிங்கு.

ஐப்பசி மழையில் கவிநாடு கண்மாய் நிரம்பி மறுகால் போகும்போது கலிங்கின் மேல் நின்று பாருங்கள். எவ்வளவு தண்ணீர் விழுகிறது என்பதைத் தீர்மானிப்பது கண்மாய்க்குள் இருக்கும் நீர்மட்டம் மட்டுமே. கலிங்குக்குக் கீழே ஓடையில் முழங்கால் அளவு தண்ணீர் இருந்தாலும் இடுப்பளவு இருந்தாலும் விழும் அளவு மாறாது. கீழே இருக்கும் தண்ணீரின் சேதி அந்த வேகத்தை எதிர்த்து மேலே ஏற முடியாது. ஆனால் ஓடையும் நிரம்பி, கலிங்கு விளிம்பையும் மூழ்கடித்து ஏறிவிட்டால் கதை மாறும். விழுவது தளரும். இரு பக்கமும் சமமானால் ஓட்டமே நின்றுவிடும்.

ஆக்சிஜன் துளையும் அப்படித்தான். வாயு அந்தத் துளையில் ஒலியின் வேகத்தை எட்டுகிறது. அதற்கு மேல் அதனால் போக முடியாது. அப்புறத்து அழுத்தத்தின் சேதியும் ஒலியின் வேகத்தில்தான் பயணிக்கும் என்பதால் இப்புறத்துக்கு ஏறிவர முடியாது. இந்த நிலை, அப்புறத்து அழுத்தம் இப்புறத்தில் பாதியைச் சற்றுத் தாண்டும்வரை நீடிக்கும். 11 பாருக்கு அந்த எல்லை 5.8 பார். அதாவது 48 மீட்டர்.

ஹெர்மிஸ் கிடப்பது 53-ல். கலிங்கு மூழ்கத் தொடங்கும் இடத்துக்கு ஐந்து மீட்டர் கீழே. அங்கே கசிவு நூற்றில் ஒரு பங்குகூடக் குறையாது, உணரவே முடியாது. அதுவே 80 மீட்டரில் ஐந்தில் நான்கு பங்காகும். 90 மீட்டரில் ஐந்தில் மூன்று. 100 மீட்டரில் சுற்றுப்புறமும் 11 பார், குழாயும் 11 பார். ஆக்சிஜன் வராது. பொத்தானை அழுத்தினாலும் வராது, ஏனென்றால் பொத்தானுக்குப் பின்னால் இருப்பதும் அதே 11 பார்தான். சிலிண்டர் நிறைய ஆக்சிஜன் இருக்கும், ஒரு சொட்டுகூட உள்ளே வராது.

ஹெர்மிஸைவிட ஆழத்தில் கிடக்கும் கப்பல்களைத் தேடிப் போகிறவர்கள் ஆக்சிஜன் வழியை மாற்ற நினைப்பது இதனால்தான். மூன்று வழிகளைப் பற்றிப் பேசுவார்கள். மூன்றுக்கும் விலை உண்டு.

முதல் வழி கண்மாய்க் கரையை உயர்த்துவதுபோல: ரெகுலேட்டரின் வில்லை இறுக்கிக் குழாய் அழுத்தத்தைக் கூட்டுவது. 11-ஐ 15 ஆக்கினால் ஓட்டம் நிற்கும் ஆழம் 100-லிருந்து 140 மீட்டருக்கு இறங்கும். ஆனால் கசிவும் அதே விகிதத்தில் கூடும். நிமிடத்துக்கு 0.7 என்பது 0.95 ஆகிவிடும், அதுவும் மேல்மட்டத்திலிருந்தே. ஓய்வாக மிதக்கும் உடம்புக்கு அது தேவைக்கு மிஞ்சியது. எனவே துளையைச் சிறிதாக்க வேண்டும். ஏற்கனவே தலைமுடி அளவில் இருக்கும் துளை இன்னும் சிறுத்தால் ஒரு உப்புத் துகள் போதும் அடைத்துக்கொள்ள. அந்த ரப்பர் குழாய்களும் வால்வுகளும் புதிய அழுத்தத்தைத் தாங்குமா என்பது தனிக் கேள்வி.

இரண்டாவது, ஊசி வால்வு. கொரோனாக் காலத்தில் படுக்கைக்கு மேலே சுவரில் பார்த்திருப்போம், கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு சின்னக் குண்டு மிதக்கும், செவிலியர் திருகைத் திருப்பி ‘ரெண்டு லிட்டர் வச்சிருக்கேன்’ என்பார். அந்தத் திருகுக்குள் இருப்பது ஊசி வால்வுதான். ரெகுலேட்டரின் அடைப்பை நீக்கிக் கடலோடு மீண்டும் பேசவிட்டு, நிலையான துளைக்குப் பதில் இந்தத் திருகை வைத்துவிட்டால் ஆழத்தின் எல்லை மறைந்துபோகும். எவ்வளவு ஆழம் போனாலும் குழாயில் 10 பார் மிகுதியாகவே இருக்கும். ஆனால் ஆழத்தோடு மாறாத கசிவு என்ற வரம் போய்விடும். மேலே 11 பாராக இருந்த குழாய் 53 மீட்டரில் 16.3 ஆகிறது. மேலே 0.7-க்கு வைத்த திருகு கீழே ஒரு லிட்டருக்கு மேல் விடும். அசையாமல் நின்று பீரங்கியைப் படம் எடுக்கிறவர் 0.8 லிட்டர்தான் செலவழிக்கிறார் என்றால், நிமிடத்துக்கு 0.2 லிட்டர் மிச்சமாகச் சேரும். நெஞ்சும் மூச்சுப்பையும் சேர்ந்து 8 லிட்டர் என்று வைத்தால், 1.3-ல் இருந்த ஆக்சிஜன் 12 நிமிடத்தில் 1.6-ஐத் தொட்டுவிடும். இறங்கும்போது திருகைக் குறைக்க வேண்டும், ஏறும்போது கூட்ட வேண்டும். அந்த நேரத்தில் வலையில் கால் சிக்கியிருந்தாலும், கலங்கலில் திசை தெரியாமல் இருந்தாலும்.

மூன்றாவது, இந்த வேலையை மின்னணுக் கருவியிடம் விடுவது. சென்சார் சொல்லும் அளவைப் பார்த்து, சோலினாய்டு என்ற மின்வால்வு கிளிக் கிளிக்கென்று திறந்து ஆக்சிஜன் விடும். இன்று விற்கும் கருவிகளில் இது சாதாரணம். இதற்கும் தன் எல்லை இருக்கிறது. பின்னாலிருந்து அழுத்தம் அளவுக்கு மீறினால் மின்காந்தத்தின் பலம் போதாமல் வால்வு திறக்காது. ஆகவே குழாய் அழுத்தத்தை மனம்போல் ஏற்றுகிறவர், தானியங்கி வால்வைத் தன் கையாலேயே பூட்டியவர் ஆகிறார். திறந்தபடியே சிக்கிக்கொள்ளும் வால்வும் உண்டு. அது எதிர்ப்பக்கத்துச் சாவு.

பலர் கசிவையும் மின்வால்வையும் கலந்து வைத்துக்கொள்கிறார்கள். தேவைக்குக் குறைவான மெல்லிய கசிவு ஒன்று எப்போதும், மீதிக்கு மின்வால்வு. மின்வால்வு நின்றுபோனாலும் கசிவு கொஞ்சம் நேரம் வாங்கித்தரும். எனக்கு இந்த ஏற்பாட்டில்தான் நியாயம் தெரிகிறது.

எவ்வளவு நேரம் என்று கேட்டால், கணக்கு இதுதான். 1.3-ல் இருக்கும்போது ஆக்சிஜன் வரத்து முழுவதும் நின்றுவிட்டால், நெஞ்சும் மூச்சுப்பையும் சேர்ந்த 8 லிட்டர் சுற்றில் இருப்பது சுமார் 10 லிட்டர் ஆக்சிஜன். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் எரித்தால் ஒன்பது நிமிடத்தில் நினைவு தப்பும் எல்லை. நீர்மட்டத்துக்கு அருகே 0.7-ல் இருக்கும்போது நின்றால் நான்கே நிமிடம். உடம்பு இதை முக்குளிப்பவருக்குச் சொல்லாது என்பதுதான் கொடுமை. மூச்சு முட்டுகிறது என்று நமக்குச் சொல்வது ஆக்சிஜன் குறைவு அல்ல, கார்பன் டை ஆக்சைடு சேர்வது. தொண்டி, கீழக்கரைப் பக்கம் சங்கு குளிப்பவருக்குக் கடலடியில் நெஞ்சு துடித்து, போதும் மேலே வா என்கிறதே, அந்தத் துடிப்பு கார்பன் டை ஆக்சைடின் குரல். இறங்குமுன் வேகவேகமாக மூச்சு வாங்கி அந்தக் குரலை அடக்கிவிட்டு இறங்குகிறவர் எச்சரிக்கையே இல்லாமல் மயங்குவது உண்டு. ரீப்ரீதரில் சோடா லைம் அந்தக் குரலை ஒவ்வொரு மூச்சிலும் அழித்துக்கொண்டே இருக்கிறது. முக்குளிப்பவர் நிம்மதியாக மூச்சு விட்டபடியே நினைவிழப்பார்.

ஆகவே கண்ணுக்குத் தெரியும் எண்தான் ஒரே சாட்சி. அந்த எண்ணைத் தருவது விரல் நீளச் சென்சார்கள், வழக்கமாக மூன்று. ஆக்சிஜன் படப்பட மின்னழுத்தம் உண்டாக்கும் சின்னச் சின்ன மின்கலங்கள். மின்கலம் என்றால் முதுமையும் உண்டு. முதிர்ந்த சென்சார் 1.2 வரை ஒழுங்காகச் சொல்லிவிட்டு அதற்கு மேல் ஏற வலுவில்லாமல் அங்கேயே நின்றுவிடும். கருவியோ 1.3 வரவில்லையே என்று ஆக்சிஜனை விட்டுக்கொண்டே இருக்கும். மூன்றில் இரண்டு ஒரே தொகுதியில் வாங்கியவை, ஒரே வயது என்றால், இரண்டும் சேர்ந்து பொய் சொல்லி, பெரும்பான்மையை நம்பும் கருவியிடம் உண்மை சொல்லும் மூன்றாவதைத் தோற்கடிக்கும். வாக்குப்பதிவு சரியாகத்தான் நடந்திருக்கும், ஆள் இருக்க மாட்டார். ஆக்சிஜன் ஓட்டத்தை மாற்றியமைப்பதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் சென்சாரின் வயதைப் பற்றி அதே அளவு பேச வேண்டும் என்பது என் எண்ணம். ஓட்டம் எப்படி வந்தாலும், அளவு தெரிந்தால் திருத்திக்கொள்ளலாம்.

நல்லவேளையாக, சென்சாரைக் குறுக்கு விசாரணை செய்ய வழி இருக்கிறது. கலவைச் சிலிண்டரில் 16 சதவீதம் ஆக்சிஜன் இருக்கிறது என்றால், 53 மீட்டரில் மூச்சுப்பையை அதனால் முழுக்க அலசியதும் மூன்று சென்சாரும் 1.0 காட்டியாக வேண்டும். 0.16-ஐ 6.3-ஆல் பெருக்கினால் வருவது அதுதான். எந்தச் சென்சார் வேறு சொல்கிறதோ அதை நம்பக் கூடாது. எதிலும் சந்தேகம் என்றால் ரீப்ரீதரை விட்டுவிட்டுத் தோளில் தொங்கும் தனிச் சிலிண்டருக்கு மாறி மேலேறத் தொடங்க வேண்டும். அந்தச் சிலிண்டர் இல்லாமல் இறங்குவது தற்கொலைக்குச் சமம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் பிரிக்கிறவர்கள் தீயோடு வேலை செய்கிறார்கள். கறுப்பு உடலும் வெள்ளைக் கழுத்துமாக மருத்துவமனை வராந்தாவில் நிற்கும் சிலிண்டரின் அருகே எண்ணெய்க் கையோடு போகக் கூடாது என்று சொல்வார்களே, காரணம் இருக்கிறது. உயரழுத்த ஆக்சிஜன் சட்டென்று பாயும்போது குழாயின் முனையில் அழுந்திச் சூடேறும். அங்கே ஒரு துளி கிரீஸ், சாதாரண ரப்பர் வளையம், லேத்தில் வந்த இரும்புத்தூள் என்று எது இருந்தாலும் பற்றிக்கொள்ளும். ஆக்சிஜனில் இரும்பே எரியும். அதனால்தான் இந்தப் பாகங்களைத் தனியாகக் கழுவி, தனி கிரீஸ் தடவி, வால்வை மெல்ல மெல்லத் திறக்கிறார்கள். வெல்டிங் பட்டறையில் பழகிய கை எவ்வளவு தேர்ந்ததானாலும், இந்த வேலைக்குப் பயிற்சி பெற்றவரும், அந்தக் கருவியைச் செய்தவர்களின் ஒப்புதலும் இல்லாமல் ஒரு மரையைக்கூடத் திருகக் கூடாது.

ஆஸ்திரேலிய மருத்துவர் ஆண்ட்ரூ ஃபாக், 1998 முதல் 2010 வரை ரீப்ரீதரோடு இறந்த 181 பேரின் விவரங்களை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டார். சாதாரணச் சிலிண்டர் முக்குளிப்பைவிட இதில் சாவு நேரும் அபாயம் நான்கு முதல் பத்து மடங்கு என்பது அவர் மதிப்பீடு. இறந்தவர்களில் அனுபவசாலிகளும் இருந்தார்கள்.

ஹெர்மிஸிலிருந்து மேலேறுவது இறங்குவதைவிட நீண்ட வேலை. உடம்பில் கரைந்திருக்கும் வாயு குமிழியாகாமல் வெளியேற வேண்டும். கயிற்றைப் பிடித்தபடி, நிலைநிலையாக நின்று நின்று ஏற வேண்டும். கீழே இருந்த நேரத்தைவிட இந்த நிற்கும் நேரம் கூடிப்போவது சாதாரணம். மேலே வரவர அழுத்தம் குறைவதால் ஆக்சிஜனின் வலிமையும் தானாகவே குறையும். 53 மீட்டரில் 1.3-ஆக இருந்தது, எதுவும் சேர்க்காமல் ஏறினால் 6 மீட்டருக்கு வரும்போது 0.33 ஆகியிருக்கும். எனவே ஏறும் வழியெல்லாம் ஆக்சிஜன் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். கசிவு அடைபட்டிருந்தால் இங்கேதான் தெரியவரும். தெரிய வேண்டும்.

6 மீட்டரில் கடைசி நிறுத்தம். அங்கே சிலர் மூச்சுப்பையைச் சுத்த ஆக்சிஜனால் அலசுவார்கள். அழுத்தம் 1.6 பார், ஆகவே சென்சார் 1.6 காட்ட வேண்டும். 1.3-க்கு மேல் ஏறாத சென்சார் அன்றே குப்பைக்கு. பிறகு நீர்மட்டம். முகம் வெளியே வந்துவிட்டது, படகு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதற்காக எண்ணைப் பார்ப்பதை நிறுத்தக் கூடாது. சுற்றில் ஆக்சிஜன் சேரும் வழி சிக்கியிருந்தால், மயங்கும் எல்லை மிக நெருங்கி வருவது இந்த மேல்மட்டத்தில்தான். ஊதுகுழலை வாயிலிருந்து எடுக்குமுன் அதன் மூடியைத் திருப்பி அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் கடல்நீர் உள்ளே இறங்கிச் சோடா லைமோடு கலந்து காரக் கரைசலாகித் தொண்டையைச் சுடும்.

கரைக்கு வந்ததும் டப்பாவைத் திறந்து குருணையைக் கொட்டுகிறார்கள். அறுவை அரங்கில் அது ஊதா நிறத்துக்கு மாறியிருக்கும், மாற்ற வேண்டும் என்று கண்ணே சொல்லிவிடும். கடலுக்குப் போகும் குருணையில் பெரும்பாலும் நிறம் மாறாது. மாறினாலும் நம்பக் கூடாது, சிறிது நேரம் வைத்திருந்தால் பழைய நிறத்துக்கே திரும்பிவிடும். கொட்டிய குருணை வெள்ளையாகத்தான் இருக்கிறது. எத்தனை நிமிடம் சுவாசித்தோம் என்று எழுதிவைத்த நோட்டைப் பார்த்துத்தான் அதைக் கொட்டுகிறார்கள்.